ஆளுக்கு ஒரு ஓட்டா, மார்க்கா, வரிசையா, ஜூரியா: நம்ம சினிமா விருதுக்கு எது தேறும்?

டிசம்பர் பிறந்தாலே நம்ம சினிமா ரசிகர் குழுவில் வருஷ விருதைப் பற்றிய பேச்சு கிளம்பிவிடுகிறது. விருது உண்டா என்பதில் சண்டை இல்லை, உண்டுதான். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், திருவாரூர், மன்னார்குடி என்று ஊருக்குக் கொஞ்சம் பேராகச் சேர்ந்து, அப்புறம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போன நம்ம ஊர்ப் பிள்ளைகளும் ஒட்டிக்கொண்டு வளர்ந்த குழு இது. வருஷம் முழுக்கப் படம் பார்த்துத் திட்டியும் கொண்டாடியும் தீர்ப்பவர்கள் வருஷக் கடைசியில் ஒரு விருதாவது கொடுக்காவிட்டால் எப்படி? சண்டை எல்லாம் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான். ஆளுக்கு ஒரு ஓட்டு போதும் என்கிறது ஒரு கட்சி. பத்துக்கு மார்க் போடலாம் என்கிறது இன்னொரு கட்சி. விஷயம் தெரிந்த ஐந்து பேரை உட்கார வைத்து முடிவெடுங்கள், எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்கிறார்கள் மூத்தவர்கள்.

எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு, அதைக் கடைசி வரை மறைத்துவைக்கப் போவதில்லை. ஆனால் எல்லா முறைகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கப் போகிறேன்: படத்தைப் பார்க்காதவர்கள் எத்தனை பேர் இருந்தாலும், அது முடிவைக் கெடுக்காமல் இருக்குமா?

நம்ம பக்கத்துக்கு இந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும். சென்னையில் இருப்பவருக்கு ஒரு சின்னப் படம் ஏதாவது ஒரு மல்டிபிளெக்ஸில் ஒரு வாரமாவது கிடைத்துவிடும். திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் அது வருவதே சந்தேகம். தஞ்சாவூரில் காலைக் காட்சி மட்டும் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, லீவு போட்டு, பஸ் பிடித்துப் போவதற்குள் அங்கே வேறு படத்து பேனர் தொங்கும். பெரிய நடிகர் படமென்றால் கதையே வேறு, ஊருக்கு ஊர் நாலு காட்சி, அதிகாலைக் காட்சி எப்போது என்று விசாரிக்கவே தனிக் கூட்டம். ஆக, நம்ம ஓட்டாளர்கள் எல்லாரும் பார்த்த படம் ஒன்றிரண்டு இருக்கும், பத்தில் ஒருவர் மட்டும் பார்த்த படம் இருபது இருக்கும். இந்த மேடுபள்ளத்தோடு எந்த முறை ஒத்துப்போகும் என்பதுதான் விஷயம்.

ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதிலிருந்து ஆரம்பிப்போம். அதன் ஒரே பலம் சுலபம். வாட்ஸ்அப்பில் ஒரு போல் (ஓட்டெடுப்பு) போட்டால் அஞ்சு நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஆனால் அந்தப் போலில் பன்னிரண்டு பெயருக்கு மேல் சேர்க்க முடியாது, போதாததற்கு யார் எதற்குப் போட்டார்கள் என்று பெயரோடு காட்டும். அது காட்டுகிற நிமிஷத்திலிருந்து அது ஓட்டு இல்லை, வருகைப் பதிவேடு. சித்தப்பா எதற்குப் போட்டிருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் பையன் போடுவான்.

சரி, ரகசியமாகவே நடத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஓட்டு பிரிகிற பிரச்சினை இருக்கிறது. கணக்குக்காக நூறு பேர் என்று வையுங்கள். ஒரு ஸ்டார் படத்துக்கு 40 ஓட்டு. நல்ல சின்னப் படம் ஒன்றுக்கு 32. அதே மாதிரி ரசனைக்காரர்களுக்குப் பிடித்த இன்னொரு சின்னப் படத்துக்கு 28. ஸ்டார் படம் ஜெயித்துவிடும், அறுபது பேருக்கு அது முதல் தேர்வே இல்லை என்றாலும். அந்த இரண்டு சின்னப் படங்களில் ஒன்று அந்த வருஷம் வராமலே போயிருந்தால் முடிவு தலைகீழாக மாறியிருக்கும். நல்ல படம் இரண்டு வந்தது என்பதற்காக இரண்டும் தோற்பது என்ன நியாயம்? அதனால் இந்த முறை எனக்கு முதலிலேயே அவுட்.

அடுத்தது, பிடித்த படம் எல்லாவற்றுக்கும் டிக் அடிப்பது. ஓட்டு பிரிகிற தொல்லை இதில் இல்லை, இரண்டு சின்னப் படத்துக்கும் டிக் அடித்துவிட்டுப் போகலாம். ஆனால் நம்ம கேள்வியில் இதுவும் தட்டுகிறது: பார்க்காத படத்துக்கு யாரும் டிக் அடிக்க மாட்டார்கள், பார்த்துப் பிடிக்காத படத்துக்கும் அடிக்க மாட்டார்கள், எண்ணும்போது இரண்டும் ஒன்றுதான். அதிகம் பேர் பார்த்த படமே மேலே மிதக்கும். இருந்தாலும் இதைத் தூக்கிப் போட வேண்டாம். வருஷத்தில் வந்த எல்லாப் படங்களிலிருந்தும் இறுதிக்கு ஐந்தைப் பொறுக்கி எடுக்கிற முதல் சுற்றுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. அங்கே ஒரு சின்ன மாற்றம் மட்டும் வேண்டும்: படத்துக்குப் பக்கத்தில் ‘பார்த்தேன்’ என்று ஒரு கட்டம், ‘பிடித்தது’ என்று ஒரு கட்டம். இருபது பேர் பார்த்து பதினெட்டுப் பேருக்குப் பிடித்த படம் எது என்று அப்போது தெரிந்துவிடும், அதையும் உள்ளே எடுத்துக்கொள்ளலாம்.

பத்துக்கு மார்க் என்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, பார்த்தவர்கள் மட்டும் மார்க் போடுவார்கள், சராசரி எடுத்தால் பார்க்காதவர் கணக்கிலேயே வர மாட்டார். தாளில் பார்த்தால் நம்ம கேள்விக்கு இதுதான் சரியான பதில். நடைமுறையில் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒரு படத்தை ஐந்தே பேர் பார்த்து, அதில் மூன்று பேர் இயக்குநருக்குக் கல்லூரித் தோழர்களாக இருந்தால் சராசரி ஒன்பதரைக்குப் போய் நிற்கும். அதற்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் என்று வரம்பு வைக்கலாம் என்பார்கள். வைக்கலாம். இரண்டாவது சறுக்கலுக்குத்தான் மருந்து இல்லை: தன் தலைவர் படத்துக்குப் பத்து, எதிர்த் தலைவர் படத்துக்கு ஒன்று. நடுவில் இருக்கிற எண்களை யோசித்துப் பயன்படுத்துகிற நிதானமான ஆளின் ஏழு மார்க்குக்கு, கண்ணை மூடிக்கொண்டு பத்து போட்டவரின் ஓட்டைவிட பலம் கம்மி. சினிமா இணையதளமான ஐஎம்டிபி தன் 250 படப் பட்டியலுக்குத் தொடர்ந்து ஓட்டுப் போடுகிறவர்களின் மதிப்பீடுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது, வெறும் சராசரியை அப்படியே போடுவதும் இல்லை. உலகம் முழுக்க ஆள் வைத்திருக்கிற அவர்களுக்கே அந்த வடிகட்டல் தேவைப்படுகிறது, நமக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?

இப்போது என் கட்சி. ஐந்து படம் இறுதிக்கு வந்தால், ஒன்று முதல் ஐந்து வரை வரிசைப்படுத்திக் கொடுப்பது.

இது புதுச் சரக்கு இல்லை. நம்ம குடியரசுத் தலைவர் தேர்தலே இப்படித்தான் நடக்கிறது. 1969ல் வி.வி.கிரிக்கும் நீலம் சஞ்சீவ ரெட்டிக்கும் நடந்த போட்டியில் முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை, கடைசி இடத்திலிருந்தவர்களின் சீட்டுகளில் இருந்த இரண்டாம் விருப்பத்தை எண்ணித்தான் கிரி ஜெயித்தார். ஆஸ்காரில் சிறந்த படத்துக்குப் போட்டியிடும் படங்களை ஐந்திலிருந்து பத்தாக உயர்த்தியபோது, அதாவது 2009ம் வருஷப் படங்களிலிருந்து, அந்த ஒரு விருதுக்கு இதே வரிசை முறைக்கு மாறினார்கள். பத்துப் படம் மோதும்போது ஆளுக்கு ஒரு ஓட்டு என்று விட்டால் ஐந்தில் ஒரு பங்கு ஓட்டு வாங்கியதுகூட ஜெயித்துவிடும் என்ற பயம்தான்.

எண்ணுவது கஷ்டம் என்பவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லாருடைய வரிசையையும் துண்டுச் சீட்டுகளாகப் பிரிண்ட் எடுத்து ஒரு மேஜையில் கொட்டுங்கள். முதல் இடத்தில் எந்தப் படம் இருக்கிறதோ அதன்படி ஐந்து குவியல் பிரியுங்கள். ஒரு குவியல் மொத்தத்தில் பாதியைத் தாண்டிவிட்டதா, விருது அதற்கு. தாண்டவில்லையா, இருப்பதிலேயே சின்னக் குவியலைக் கையில் எடுத்து, ஒவ்வொரு சீட்டிலும் மேலே இருக்கிற பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு, அடுத்த பெயருக்கான குவியலில் போடுங்கள். மறுபடி எண்ணுங்கள். அவ்வளவுதான், நூறு சீட்டுக்கு ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. மேலே சொன்ன அதே நூறு பேர் கணக்கை எடுங்கள்: மூன்றாவதாக வந்த படத்தின் 28 சீட்டுகளில் 22 பேர் இன்னொரு சின்னப் படத்தையும் 6 பேர் ஸ்டார் படத்தையும் இரண்டாவதாக எழுதியிருந்தால், முடிவு 54க்கு 46. ஓட்டுப் பிரிந்ததால் தோற்றிருக்க வேண்டிய படம் ஜெயிக்கிறது.

ரசிகர் சண்டைக்கும் இதுதான் மருந்து, இதை யாரும் கவனிப்பதில்லை. எதிர்த் தலைவர் படத்தை வேண்டுமென்றே ஐந்தாவது இடத்தில் தள்ளினாலும், உங்கள் முதல் தேர்வு போட்டியில் இருக்கும்வரை அந்த ஐந்தாவது இடத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. வரிசையை வாங்கிக்கொண்டு, முதலிடத்துக்கு 5 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 4 என்று கூட்டினால் இந்தப் பலன் அப்படியே போய்விடும், தள்ளிவிட்டது நேராகப் புள்ளியில் இடிக்கும். ‘ரெண்டும் ஒண்ணுதானே’ என்று யாராவது எக்செல்லோடு வந்தால் விடாதீர்கள்.

இன்னொரு முறையும் இருக்கிறது, நம்ம குழுவின் கணக்கு வாத்தியார்களுக்குப் பிடித்தது. படங்களை இரண்டிரண்டாக மோதவிட்டு, எல்லாவற்றையும் தனித்தனியே ஜெயிக்கிற படத்துக்கு விருது. கோண்டார்செ என்ற பிரெஞ்சுக்காரர் 1785லேயே எழுதி வைத்தது. இரண்டு படத்தையும் பார்த்தவர்களை மட்டும் அந்த மோதலுக்கு எண்ணினால், பார்க்காதவர் பிரச்சினை சுத்தமாகத் தீர்ந்துவிடுகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் படம் இரண்டாவதை ஜெயிக்கும், இரண்டாவது மூன்றாவதை ஜெயிக்கும், மூன்றாவது திரும்பி வந்து முதல் படத்தை ஜெயிக்கும் என்று சுற்றிக்கொண்டே இருக்க வாய்ப்பு உண்டு. அதை ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் யார் விளக்குவது?

வரிசை முறையின் ஓட்டை எது என்றும் சொல்ல வேண்டும். பார்க்காத படத்தைக் கடைசியில் எழுதுவார்கள், அல்லது எழுதாமலே விடுவார்கள். நம்ம கேள்வி அங்கேயும் வந்து நிற்கிறது. ஆஸ்கார்காரர்களே 2025ல்தான் விதி கொண்டுவந்தார்கள், இறுதிச் சுற்றில் ஒரு பிரிவுக்கு ஓட்டுப் போட வேண்டுமானால் அந்தப் பிரிவில் இருக்கிற எல்லாப் படத்தையும் பார்த்திருக்க வேண்டும் என்று. நாமும் அதையே வைப்போம். ஐந்து படம் அறிவித்த நாளிலிருந்து மூன்று வாரம் அவகாசம், ஐந்தையும் பார்த்தவர்களுக்கு மட்டும் சிறந்த படம் ஓட்டு. பொய் சொல்லுவார்களே என்றால், சொல்லட்டும், ஐந்து படத்தையும் பார்த்தேன் என்று பொய் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு பேர் உண்மையிலேயே பார்த்தால் அதுவே லாபம். ஓட்டு எண்ணிக்கை குறையும். குறையட்டும். இருநூறு பேர் பார்க்காமல் போடுவதைவிட அறுபது பேர் பார்த்துவிட்டுப் போடுவது மேல்.

படிவத்தில் ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கூகுள் ஃபார்மில் கட்டம் கட்டமாக வரும் கேள்வியை வைத்தால் ஒரே இடத்தை இரண்டு படத்துக்குக் கொடுக்க முடியாமல் தடுக்கலாம், ஆனால் போனில் திறந்தால் நாலாவது ஐந்தாவது கட்டங்கள் திரைக்கு வெளியே ஒளிந்துகொள்ளும், பக்கவாட்டில் நகர்த்த வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அதற்குப் பதில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று ஐந்து தனிக் கேள்வியாகக் கீழே கீழே வைத்தால் பெரியவர்களுக்கும் சுலபம். ஒரே படத்தை இரண்டு முறை தேர்ந்தெடுத்திருந்தால் முதலில் வந்ததை மட்டும் எடுத்துக்கொள்வது என்று விதியில் எழுதிவிட்டால் போதும். கள்ள ஓட்டுக்கு, நவம்பர் கடைசிக்கு முன் குழுவில் இருந்தவர்களுக்கு மட்டும் ஓட்டு. ஜிமெயில் கணக்கு ஆளுக்கு நாலு வைத்திருக்கிற காலம் இது.

ஜூரி கட்சிக்கு வருவோம். ஜூரி வேண்டவே வேண்டாம் என்பவன் இல்லை நான். ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, ஒளிப்பதிவு இதையெல்லாம் பொது ஓட்டில் விட்டால் சிறந்த படத்துக்கு விழுந்த ஓட்டுதான் இங்கேயும் விழும். சவுண்டுக்கு ஓட்டுப் போடச் சொன்னால் அனேகமாக எல்லாரும் பின்னணி இசைக்குத்தான் போடுவார்கள். அந்த மூன்று நாலு பிரிவுக்கு மட்டும் ஐந்து பேர் ஜூரி நல்லது. தேசிய விருதுகள் 1954லிருந்து ஜூரியை வைத்துத்தான் நடக்கின்றன, சர்ச்சை இல்லாத வருஷம் குறைவு என்றாலும் அதன் ஒரு வசதியை மறுக்க முடியாது, உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதால் பகிர்ந்து கொடுக்க முடிகிறது. 2010ம் வருஷத்துச் சிறந்த நடிகர் விருதை தனுஷும் மலையாளத்தின் சலீம் குமாரும் பகிர்ந்தது அப்படித்தான்.

நம்ம இடத்தில் சிக்கல், யார் அந்த ஐந்து பேர் என்பது. எப்போதும் அதிகம் எழுதுகிற, அதிகம் சண்டை போடுகிற அதே ஐந்து பேர்தான் வருவார்கள். இதற்கு முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே வழி இருக்கிறது, குடவோலை. ஊர் நிர்வாகக் குழுவான வாரியத்துக்குத் தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லுவது. எனக்கு அதில் பிடித்தது குலுக்கல்கூட இல்லை, அதற்கு முன்னால் போட்ட நிபந்தனைகள். கடந்த மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக்கூடாது. இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் கூடாது, அவர் சொந்தக்காரரும் கூடாது. கால் வேலி நிலம் வேண்டும் என்ற நிபந்தனையை நாம் விட்டுவிடலாம், டெல்டாவிலேயே இப்போது பாதிப் பேரிடம் அது இருக்காது. அதற்குப் பதில், அந்த வருஷத்தில் குறைந்தது முப்பது தமிழ்ப் படம் பார்த்திருக்க வேண்டும் என்று வைப்போம். இறுதி எண்ணிக்கையில் இரண்டு படம் சமமாக நின்றாலும் இதே குடம்தான்.

முறையைவிட அதிகம் தகராறு வரப்போவது எந்த வருஷத்துப் படம் என்பதில். ‘கடைசி விவசாயி’ 2021ல் தணிக்கை முடிந்து 2022 பிப்ரவரியில் வெளியானது, தேசிய விருது 2021 கணக்கில் சிறந்த தமிழ்ப் படம் என்று வந்தது, காரணம் அவர்கள் தணிக்கைத் தேதியைப் பார்க்கிறார்கள். ‘கூழாங்கல்’ 2021ல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது, நாம் ஓடிடியில் பார்த்தது 2023 அக்டோபரில். தணிக்கைத் தேதி, விழாத் தேதி இரண்டுமே நமக்கு வேலைக்கு ஆகாது. நீடாமங்கலத்தில் ஒரு சாதாரண ரசிகன் சட்டப்படி முதல்முறை பார்க்க முடிந்த நாள் எதுவோ அதுதான் கணக்கு, அது தியேட்டராக இருந்தாலும் ஓடிடியாக இருந்தாலும். நீடாமங்கலம் என்றதும் ‘மெய்யழகன்’ ஞாபகம் வரும், அது 2024 செப்டம்பரில் வந்து சில நாளிலேயே சுமார் 18 நிமிஷம் குறைக்கப்பட்டது. எந்த வடிவத்துக்கு ஓட்டு என்று கேட்டால், நீங்கள் பார்த்த வடிவத்துக்கு. இதற்கெல்லாம் கமிட்டி வேண்டாம்.

எப்போது என்பதற்கு இரண்டு யோசனை. டிசம்பர் 31 ராத்திரியே அறிவித்துவிடலாம் என்பவர்கள் சூட்டோடு சூடாக முடிக்கப் பார்க்கிறார்கள். ஆனால் கிறிஸ்துமஸை ஒட்டி வந்த படம் ஓடிடிக்கு வர பெரும்பாலும் நாலு வாரம் ஆகிறது, தியேட்டர் எட்டாத ஊர்க்காரர்களுக்கு அந்தப் படம் விருதுக்குப் பிறகுதான் கண்ணில் படும். பிப்ரவரி கடைசி எனக்குச் சரியாகப் படுகிறது. சம்பா அறுப்பு நேரம் என்று சிலர் மறுப்பார்கள். நெல்லை டிபிசியில் (அரசு நெல் கொள்முதல் நிலையத்தில்) கொட்டிவிட்டு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்கட்டும் என்று தார்ப்பாய்க்குப் பக்கத்தில் நாள் கணக்கில் காத்திருப்பவர்களைவிட ஐந்து படம் பார்க்க நேரம் உள்ளவர்கள் யார்? அதற்கு மேல் மட்டும் தள்ள வேண்டாம். தமிழக அரசு 2009 முதல் 2014 வரையிலான ஆறு வருஷ விருதுகளை 2017ல் மொத்தமாக அறிவித்து 2022ல் கையில் கொடுத்தது. தள்ளிப் போட ஆரம்பித்தால் அதற்கு எல்லை கிடையாது.

விழா ஹாலில் வைப்பதா, நேரலையா என்பதில் பேச ஒன்றும் இல்லை, முகூர்த்த மாதத்தில் கும்பகோணத்தில் ஹால் வாடகை கேட்டால் தலை சுற்றும், நேரலை போதும். பரிசுப் பொருள்தான் பாக்கி. தலையாட்டி பொம்மை கொடுக்கலாம் என்கிறார்கள் பலர், பார்க்க அழகு, விலை கம்மி. ஆனால் எல்லாத்துக்கும் தலையாட்டுவதை ஒரு இயக்குநருக்குப் பரிசாகக் கொடுப்பது எனக்கு இடிக்கிறது, வருகிற படத்தை எல்லாம் ஆஹா என்று எழுதின நம்ம குழு விமர்சகருக்கு வேண்டுமானால் தனியாக ஒன்று அனுப்புவோம். சுவாமிமலை சிலை கட்டுப்படி ஆகாது. தஞ்சாவூர் கலைத்தட்டு தட்டையாக இருக்கும், பார்சலில் உடையாது, நடுவில் படத்தின் பெயர் பொறிக்க இடம் உண்டு. என் ஓட்டு அதற்கு. நாச்சியார்கோயில் குத்துவிளக்கில் சின்ன அளவு கூரியரில் எடைக்கு எவ்வளவு ஆகும் என்று அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது ஞாயிற்றுக்கிழமைக்குள் விசாரித்துச் சொல்லுங்கள்.